மெதடுக்குள்ளேயே பிறக்கும் ஆப்ஜெக்டை மாக் செய்வது எப்படி?

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒருத்தர் போன் பண்ணினார். "நான் உங்க கிட்ட ஒண்ணுமே வாங்கலையே சார், எதுக்கு பில்லு கட்டச் சொல்லி ராத்திரியெல்லாம் மெசேஜ் அனுப்புறீங்க?" தேடிப் பார்த்தால் குற்றவாளி என் யூனிட் டெஸ்ட்! மாதிரிக்காக நான் வாயில் வந்தபடி போட்ட பத்து இலக்கம் அவருடைய நம்பராக இருந்திருக்கிறது. பில்டு ஓடும்போதெல்லாம் அவருக்கு ஒரு எஸ்எம்எஸ்.

மாக்கிட்டோவில் ஒரு மாக் செய்துதான் வைத்திருந்தேன். ஆனால் அதை யாரும் கேட்கவே இல்லை. பில் அனுப்பும் மெதட், எஸ்எம்எஸ் கிளாஸை உள்ளேயே 'நியூ' போட்டு உருவாக்கிக்கொண்டது. மாக் என்பது நாம் வெளியிலிருந்து கொடுக்கும் போலி ஆப்ஜெக்ட். 'நியூ' போட்ட இடத்தில் அதைக் கொடுக்க வழியே கிடையாது. சரி, என்ன செய்யலாம்?

1. கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுப்பது. எஸ்எம்எஸ் அனுப்பும் ஆப்ஜெக்டை பில் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நிஜத்தில் அசல், டெஸ்டில் மாக். கோடை மாற்ற முடியும் என்றால் இதுதான் முதல் வழி.

2. 'நியூ' போடும் வரியை மட்டும் தனி மெதடாகப் பிரிப்பது. அதை பிரைவேட்டாக வைக்காமல், டெஸ்டில் ஸ்பை போட்டு மாக்கைத் திருப்பித் தரச் செய்யலாம். இங்கே 'வென்' வேண்டாம், 'டூரிட்டர்ன்' எழுதுங்கள். 'வென்' எழுதினால் அசல் மெதட் ஒரு தடவை ஓடிவிடும்.

3. கோடைத் தொடவே முடியாத நிலை. முன்பு இதற்குப் பவர்மாக்கின் 'வென்நியூ' இருந்தது. 2020-இல் வந்த மாக்கிட்டோ 3.5-இல் 'மாக்கன்ஸ்ட்ரக்ஷன்' சேர்ந்தது. அதைத் திறந்து வைத்திருக்கும் வரை, அந்த கிளாஸுக்கு 'நியூ' போட்டால் மாக்தான் பிறக்கும். 5-ஆம் பதிப்புக்கு முன் என்றால் 'மாக்கிட்டோ இன்லைன்' தேவை.

மூன்றாவதைப் பார்த்ததும் "இதையே எல்லா இடத்திலும் போட்டுட்டா என்ன?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது, டிரை பிளாக்குக்குள் திறந்து மூடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த டெஸ்டிலும் மாக் பிறந்துகொண்டிருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து: இது டெஸ்ட் ஓடும் திரெட்டில் மட்டுமே வேலை செய்யும். உங்கள் கோடு வேறொரு திரெட்டில் 'நியூ' போட்டால் அங்கே பிறப்பது அசல். அதாவது எஸ்எம்எஸ் மறுபடியும் போகும்!

அதனால் நான் கடைசியில் முதல் வழிக்கே போனேன். மாற்றியது பத்து வரிகூட இருக்காது. மாதிரி நம்பரையும் எல்லாம் பூஜ்யமாக்கிவிட்டேன். அந்த மனிதரிடம் போனில் மன்னிப்புக் கேட்டபோது, "இனிமே வராதுல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குத் தைரியமாக "வராது சார்" என்று சொல்ல முடிந்தால்தான் அது யூனிட் டெஸ்ட்.