டயரின் காற்றும் மாற்றுச் சக்கரமும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் சூளை என்பது யாதென்று எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. சூளையின் வாயிலை அடைத்தபின் உள்ளிருக்கும் வெப்பத்தைக் கண்ணால் அளத்தல் அரிது. அதனாலன்றோ, இன்ன வெப்பத்தில் வளையும் என்று முன்னரே கணித்துச் செய்த கூம்புகளைச் சரக்குகளோடு சூளையில் வைக்கும் முறையை ஸேகர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1886-ஆம் ஆண்டில் வகுத்தார். மூடிய இடத்தினுள் நிகழ்வதை வெளியே நிற்பவர்க்கு அறிவிக்க ஒரு சாட்சி வேண்டும் என்பதே இதன் கருத்து. மோட்டார் வண்டியின் டயரும் அத்தகைய மூடியதோர் இடமே. அதனுள் அடைபட்ட காற்றே வண்டியையும் அதில் அமர்ந்தோரையும் தாங்குகின்றது. அக்காற்றின் அழுத்தத்தை அறிவிக்கும் கருவியைக் குறித்தும், வண்டிக்குப் புதுச் சக்கரம் பூட்டுவோர் அதனை மறப்பதனால் விளையும் இன்னலைக் குறித்தும் இங்கே சிறிது ஆராய்வோம்.

காற்றுக் குறைந்தால் வண்டி சற்றுக் கனத்து ஓடும், வேறொன்றுமில்லை என்று கருதுவார் பலர். உண்மை அதுவன்று. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கின்றது. அவ்வாறு மடங்கி நிமிரும் ரப்பர் சூடேறும். சூடு மிகுந்தால் டயரின் அடுக்குகள் ஒன்றினின்றொன்று பிரியும். விருத்தாசலத்தினின்று சென்னைக்குச் செல்வோர் உளுந்தூர்ப்பேட்டையிலும், திருச்சிக்குச் செல்வோர் வேப்பூரிலும் பெருஞ்சாலையை அடைகின்றனர். ஊர்த் தெருவில் யாதொரு தீங்கும் காட்டாத டயர், சித்திரை வெயிலில் அப்பெருஞ்சாலையில் விரையும்போது வெடித்துவிடவும் கூடும். இக்காலத்து ரேடியல் டயர்களோ, நாலிலொரு பங்கு காற்றை இழந்த பின்னும் பார்வைக்கு நிறைந்தன போலவே தோன்றும். கண்ணை நம்புதற்கில்லை.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பயர்ஸ்டோன் கம்பெனி ஏறக்குறைய 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. மேற்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்த விபத்துகளில் 200-க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாக, காற்று விதித்த அளவினின்றும் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிதல் வேண்டும் என்னும் விதி, 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அந்நாட்டுப் புதிய சிறு வண்டிகள் யாவற்றுக்கும் உரியதாயிற்று. ஐரோப்பிய நாடுகளும் 2014-ஆம் ஆண்டிற்குள் இதனைக் கட்டாயமாக்கின.

இக்கருவி இருவகைப்படும். முதல்வகை, ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் வால்வின் அடியில் பொருத்தப்பட்ட சிறு சென்சார். அது காற்றின் அழுத்தத்தை நேரே அளந்து, தனக்குரிய அடையாள எண்ணுடன் ரேடியோ அலையால் வண்டிக்கு அனுப்பும். அதனுள் அடைத்த பாட்டரி ஐந்து முதல் பத்தாண்டு வரை உழைக்கும். தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும். இரண்டாவது வகைக்குச் சக்கரத்தினுள் ஒன்றுமில்லை. காற்றுக் குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சிறிது சுருங்குவதால் அது மற்றவற்றினும் விரைந்து சுழலும். பிரேக்குடன் சேர்ந்த வேகமறியும் கருவி அவ்வேறுபாட்டைக் கண்டு அறிவிக்கும். நான்கு டயர்களும் ஒருங்கே காற்றிழந்தால் இவ்வகை ஏமாறக்கூடும்.

நிற்க. அழகு கருதி இரும்புச் சக்கரத்தைக் கழற்றி அலாய் சக்கரம் பூட்டும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. அதில் தவறில்லை. ஆயின் பழைய சக்கரத்தோடு சென்சாரும் கடையிலேயே தங்கிவிடுமாயின், வண்டியின் விளக்கு ஓயாது எரியும். ஓயாது எரியும் விளக்கை நாளடைவில் ஒருவரும் மதிப்பதில்லை. ஆகவே, புதுச் சக்கரத்தில் சென்சார் அமர இடமுண்டா என்று முதலிற் கேட்க வேண்டும். உண்டெனில் பழையதை மாற்றிப் பொருத்துக. அன்றிப் புதியது வாங்கின், அதன் எண்ணை வண்டிக்குப் பதிவு செய்விக்க. இரண்டாவது வகையாயின், சக்கரம் மாற்றிக் காற்றை நிறைத்தபின் அதனை மீண்டும் தொடக்கநிலைக்குக் கொணர வேண்டும்.

இதனினும் பெரிதொரு செய்தி உண்டு. மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் தேசத்து லனெல்லி நகரில் ஸ்டெப்னி என்னும் தெருவில் 1904-ஆம் ஆண்டளவில் தோன்றிய மாற்றுச் சக்கரமே நமக்கு அச்சொல்லைத் தந்தது. நூறாண்டுகளுக்கு மேலாக நம்முடன் வந்த அந்தத் துணை இன்று எல்லா வண்டிகளிலும் இல்லை. இந்திய அரசாங்கம் 2020-ஆம் ஆண்டு ஜூலையில் விதியைத் திருத்தி, ட்யூபில்லா டயரும், காற்றழுத்தம் அறிவிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள சிறு பயணிகள் வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமன்று என்றது. அதாவது, சென்சார் உண்டென்னும் உறுதியின் பேரிலேயே ஸ்டெப்னிக்கு விடை கொடுக்கப்பட்டது. அத்தகைய வண்டியில் சக்கரம் மாற்றிச் சென்சாரையும் இழப்பவர், இரு துணைகளையும் ஒருசேர இழந்தவராவர்.

ஸ்டெப்னி உள்ளவர்களும் கவனிக்க வேண்டுவன சில உள. அலாய் சக்கரத்துக்குரிய நட்டு, இரும்பு ஸ்டெப்னிக்குப் பொருந்தாமற் போகலாம். பழைய நட்டுகளையும் வண்டியில் வைத்திருத்தல் நன்று. களவுக்கஞ்சிப் பூட்டு நட்டு போட்டவர்கள் அதன் சாவியை வீட்டில் வைத்தால், நடுவழியில் ஜாக்கி இருந்தும் பயனில்லை. ஸ்டெப்னியின் விட்டம் மற்றவற்றினும் சிறிதாயின், அதன்மேல் குறித்த வேகத்தை மீறாது சென்று விரைவில் மாற்றிவிட வேண்டும்.

ஓட்டத்தில் டயர் காற்றிழந்தால் உடனே பிரேக்கை அழுத்தலாகாது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பற்றி, ஆக்ஸிலரேட்டரினின்று காலை எடுத்து, வேகம் தணிந்தபின் சாலையின் இடப்பக்கம் ஒதுங்கி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, உடன் வந்தோரைச் சாலையினின்று விலகி நிற்கச் செய்ய வேண்டும். ட்யூபில்லா டயரில் ஆணி ஏறியும் காற்று மெல்லவே இறங்குமாயின், ஆணியைப் பிடுங்காது காற்றை நிறைத்து, மெதுவாக அருகிலுள்ள பஞ்சர் கடையை அடைதல் நலம். துளை அடைக்கும் பசை மேற்பட்டையில் விழுந்த சிறு துளைக்கே உதவும். பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. அப்பசை சென்சாரிலும் படியக்கூடும். ஆதலால் பஞ்சர் ஒட்டுபவரிடம் இரண்டையும் சொல்லிவிடுக.

சென்சார் நன்றாயிருப்பினும் மாதம் ஒருமுறை அளவுகோல் கொண்டு பார்த்தல் இன்றியமையாதது. துளை யாதுமின்றியே நல்ல டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு அழுத்தம் இழக்கும். அன்றியும், வெப்பம் 5 அல்லது 6 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பவுண்டு ஏறும். எனவே, வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையில் அளப்பதே முறை. உரிய அளவு ஓட்டுநர் கதவண்டையில் ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். புதுச் சக்கரத்தின் மினுமினுப்பை வாரந்தோறும் துடைத்துப் பார்க்கும் நாம், அதனுள்ளிருந்து நம்மைத் தாங்கும் காற்றையும் அவ்வப்போது விசாரிப்போமாக.