வண்டிக்காரரிடம் சொல்லும் எண்ணும், வாய் திறக்கக் கூடாத எண்ணும்

திருப்பனந்தாள் கடைத்தெருவில் ஆட்டோ பிடிக்க இரகசிய எண் எதுவும் வேண்டியதில்லை. "தம்பி, கும்பகோணம் ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும், வர்றியா?" என்றால் போதும். வண்டிக்காரருக்கு நம் தெரு தெரியும், மாமனார் பெயர் தெரியும், பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான் என்பதும் தெரியும்.

அதே நாம் மகள் வீட்டுக்கோ, தம்பி வீட்டுக்கோ சென்னைக்குப் பஸ் ஏறி, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் கதையே வேறு. மூட்டை முடிச்சு ஒரு கையில், தூங்கி வழியும் குழந்தை ஒரு கையில். ஊபர், ஓலா, ராபிடோ என்று ஏதாவது ஒன்றை மொபைலில் தட்டித்தான் வண்டி வரவழைக்க வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு இது பெரிய சௌகரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கணக்கை ஏமாற்றிப் பறிக்கவும் ஒரு கூட்டம் அலைகிறது.

"அதுல என்ன இருக்கு? அம்பது, நூறு ரூபா வண்டிச் சத்தம்தானே?" என்று கேட்கலாம். சற்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கணக்கில் 'வீடு' என்று நீங்கள் பதிந்து வைத்த விலாசம் இருக்கிறது. குழந்தையின் பள்ளிக்கூடம், டாக்டர் வீடு, எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள் என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன. பணம் கட்டும் கார்டையும் இணைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு எண்கள்

குழப்பம் ஆரம்பிக்கும் இடம் இதுதான். இரண்டு விதமான எண்கள் உண்டு. இரண்டையுமே நாம் 'ஓடிபி' என்றே சொல்கிறோம்.

முதலாவது, பயணம் தொடங்கும் எண். வண்டி பதிவானதும் ஆப்பிலேயே, வண்டி நம்பருக்குப் பக்கத்தில் தெரியும். இதை ஓட்டுநரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எப்போது? வண்டி வந்து, நம்பர் பலகையையும் ஓட்டுநர் முகத்தையும் ஆப்பில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஏறும்போதுதான். "வந்துக்கிட்டே இருக்கேம்மா, ஓடிபியை இப்பவே சொல்லிடுங்க" என்று போனில் கேட்டால் சொல்லாதீர்கள். நீங்கள் ஏறாமலேயே பயணம் தொடங்கிவிடும்.

இரண்டாவது, கணக்குக்குள் நுழையும் எண். இது எஸ்.எம்.எஸ்.ஸாக வரும். இது வீட்டுச் சாவி. ஓட்டுநர், கம்பெனிக்காரர், பாங்க்காரர், போலீஸ்காரர் என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. நீங்கள் ஆப்பைத் திறக்காத நேரத்தில் இந்த எண் வந்தால், வேறு யாரோ உங்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

எந்த வழியாக வருகிறார்கள்?

"மேடம், போன பயணத்துல உங்ககிட்ட அதிகமா பணம் எடுத்துட்டோம். திருப்பி அனுப்பணும். இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க." இனிமையான குரல், நல்ல தமிழ்! வந்த எண்ணைச் சொன்னால் கணக்கு அவர்கள் கையில். சில சமயம் யூபிஐ பின்னைப் போடச் சொல்வார்கள். பின் போடுவது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. வாங்குவதற்குப் பின் தேவையில்லை என்பதை மனதில் இருத்திக் கொள்ளுங்கள்.

அடுத்தது, "உங்கள் கணக்கு இன்றே முடக்கப்படும், இங்கே தொடவும்" என்று வரும் இணைப்பு. தொட்டால் அசல் போலவே ஒரு போலிப் பக்கம் திறக்கும். கம்பெனிகளின் எஸ்.எம்.எஸ். பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வராது. எழுத்தாலான பெயரில்தான் வரும். 2025 முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கிறது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசாங்கம்.

மூன்றாவது, நாமே தேடிப் போய் மாட்டுவது. வண்டியில் குடையை மறந்துவிட்டு, கூகுளில் உதவி நம்பர் தேடுகிறோம். மோசடிக்காரர்கள் அங்கே போலி நம்பரைப் போட்டு வைத்திருப்பார்கள். கூப்பிட்டால், "ஒரு ஆப் இறக்குங்க, நானே சரி பண்றேன்" என்பார்கள். நம் மொபைல் திரையை அவர்கள் அங்கிருந்தே பார்க்கவும் இயக்கவும் வழி செய்யும் ஆப் அது. எனிடெஸ்க் என்ற ஆப்பை மோசடிக்காரர்கள் இப்படிப் பயன்படுத்துவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே பாங்குகளை எச்சரித்தது. உதவி வேண்டுமானால் ஆப்புக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதிக்குப் போங்கள்.

பெயரைச் சொன்னால் நம்பலாமா?

"என் பேரு, நம்பர் எல்லாம் கரெக்டா சொன்னாங்களே!" என்று பலர் ஏமாறுவது இதில்தான். 2016-ல் ஊபரிலிருந்து உலகம் முழுவதுமாக 5.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. பெயர், ஈமெயில், மொபைல் நம்பர் எல்லாம் அதில் அடக்கம். கம்பெனி இதை வெளியே சொன்னது 2017 நவம்பரில்தான். ஆகவே பெயர் தெரிந்திருப்பது நம்பிக்கைக்கு அத்தாட்சி அல்ல.

2022 செப்டம்பரில் அதே கம்பெனிக்குள்ளேயே திருடன் நுழைந்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் அவனிடம் சிக்கியிருந்தது. உள்ளே நுழைய அனுமதி கேட்டு ஊழியருக்குத் திரும்பத் திரும்ப அறிவிப்பு வந்தது. கடைசியில் ஒன்றுக்கு அவர் 'சரி' கொடுத்துவிட்டார். அடுப்பில் குழம்பு, இடுப்பில் குழந்தை என்று நாம் இருக்கும்போதும் இப்படித்தான் தொந்தரவு செய்வார்கள். அவசரப்படுத்துகிறவரிடம் நாம் அவசரப்படக் கூடாது. போனை வைத்துவிடுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

இன்றே செய்ய வேண்டியவை

* மொபைலுக்குத் திரைப்பூட்டு போடுங்கள். பூட்டிய திரையில் எஸ்.எம்.எஸ். வாசகம் தெரியாதபடி செய்துவிடுங்கள்.
* ஊபர் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இரட்டைச் சரிபார்ப்பு வசதி உண்டு. கல்லூரியில் படிக்கும் பிள்ளையைக் கேட்டுப் போட்டுக் கொள்ளுங்கள்.
* மொபைல் நம்பரை மாற்றினால் ஆப்பிலும் உடனே மாற்றுங்கள். கைவிட்ட நம்பரை 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும்.
* பயணத்தின்போது இருக்கும் இடத்தைக் காட்டும் இணைப்பை வீட்டாருக்கு மட்டும் அனுப்புங்கள். குடும்ப வாட்ஸப் குழு முழுவதற்கும் வேண்டாம்.

கை மீறிப் போனால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். "வீட்டுல அவரு திட்டுவாரே" என்று தயங்கும் நேரத்தில் பணம் கை மாறிவிடும். முதலில் பாங்குக்குச் சொல்லிக் கார்டையும் யூபிஐயையும் நிறுத்துங்கள். அடுத்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள். பண மோசடிகளுக்கான தேசிய உதவி எண் இது. ஆப்பிலும் புகார் கொடுத்து, எல்லா மொபைல்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றச் சொல்லுங்கள்.

சீக்கிரம் சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், பாங்குக்குத் தகவல் சொன்ன பிறகு ஏற்படும் நஷ்டம் பாங்கையே சேரும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் உத்தரவிட்டது. நேரம் என்பது இங்கே ரொக்கப் பணம்.

வீட்டில் பெரியவர்கள் மொபைல் வைத்திருந்தால் இன்று சாயங்காலமே உட்கார வைத்து அந்த இரண்டு எண்களையும் விளக்கிச் சொல்லுங்கள். "ஆப்புல தெரியற நம்பரை வண்டியில ஏறும்போது சொல்லலாம் அத்தை, எஸ்.எம்.எஸ்.ல வர்ற நம்பரை என்கிட்டகூடச் சொல்லாதீங்க" என்றால் போதும், பளிச்சென்று புரிந்துவிடும்.