உங்களுக்குத் தெரியுமா? பல்லை வைத்து வௌவாலின் வம்சம் அறியலாம்!

வௌவாலின் எலும்பு மெல்லியது, எளிதில் நொறுங்கிவிடும். பல்லைப் போர்த்தியிருக்கும் எனாமலோ உடலிலேயே கடினமான பொருள். அதனால்தான் பல பழங்கால வௌவால் இனங்களை, அரிசி மணியைவிடச் சிறிய பற்களை வைத்தே இனம் காண்கிறார்கள்.

■ பூச்சி தின்னும் வௌவாலின் மேல் கடைவாய்ப் பல்லில் W வடிவ வரம்புகள் கூர்மையாக நிற்கும். பூச்சியின் ஓட்டை நறுக்க அவை உதவும். பழந்தின்னி வௌவாலின் கடைவாய்ப் பல் தட்டையானது.

■ நியூசிலாந்தின் செயின்ட் பாத்தன்ஸ் அருகே, பழைய ஏரிப் படிவுகளைச் சலித்தபோது 1.6 முதல் 1.9 கோடி ஆண்டுப் பழமையான வௌவால் பற்கள் கிடைத்தன. 2015-இல் அவற்றில் ஓர் இனத்துக்கு ‘மிஸ்டசினா மியோசினாலிஸ்’ என்று பெயரிட்டார்கள். அதன் பல் அமைப்பு, இன்று அங்கே காட்டுத்தரையில் நடந்தும் இரை தேடும் குட்டைவால் வௌவாலின் பல்லை ஒத்திருந்தது. ஆகவே பூச்சி, பழம், பூந்தேன் என அதுவும் கலந்தே உண்டிருக்க வேண்டும். எடை மட்டும் சுமார் 40 கிராம், இன்றைய உறவினரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு!

■ 2018-இல் அறிவிக்கப்பட்ட ‘வல்கனாப்ஸ்’ இனமும் அங்கே கிடைத்ததுதான். அதன் பற்கள் வேறு மாதிரி. அதனால் உணவும் வேறாக இருந்திருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

■ ஆஸ்திரேலியாவின் ரிவர்ஸ்லேயிலும் இதே குட்டைவால் வௌவால் குடும்பத்தின் புதைபடிவங்கள் உண்டு. இன்றோ அந்தக் குடும்பம் நியூசிலாந்தில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.