இங்கிலீஷ் தெரிந்தும் இங்கிலீஷில் திண்டாட்டம்! ஜப்பான் பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு முதல் அடி எந்தப் பாடத்தில் விழுகிறது தெரியுமா? இங்கிலீஷில்!

மணி மணியாக இங்கிலீஷ் பேசும் இந்தியப் பிள்ளைகூட அங்கே கேள்வித்தாளைப் பார்த்ததும் திருதிருவென்று விழிக்கும். "இந்த வாக்கியத்தை ஜப்பானிய மொழியில் எழுதுக" என்று இருக்கும். அந்தக் கேள்வியே ஜப்பானிய மொழியில்தான்! கல்லூரி நுழைவுத் தேர்வைக் குறி வைத்து நடத்தும் இலக்கணப் பாடம் அது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் இங்கிலீஷில் பேசக் கூச்சப்படும் பக்கத்து சீட்டுப் பையன் மார்க்கை அள்ளிக்கொண்டு போய்விடுவான்.

முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு ஏ.எப்.எஸ். அது 1947-ல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. ஜப்பான் பிள்ளைகள் 1954-ல் அதில் சேர்ந்தார்கள். 2018-ல் ஜப்பான் அரசே செலவை ஏற்றுக்கொண்டு, ஐந்து ஆண்டுகளில் ஆசிய நாடுகளில் இருந்து 1,000 பிள்ளைகளை அழைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. இந்தியாவுக்கும் அதில் இடம் இருந்தது.

எழுந்திரு, வணங்கு, உட்கார்!

வாசலிலேயே செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே நடக்கத் தனி ஷூ. நம்ம ஊர் மாதிரியே பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். ஆசிரியர்தான் வந்து போவார். அவர் நுழைந்ததும் ஒரு மாணவன் குரல் கொடுப்பான்: "கிரிட்சு!" எல்லோரும் எழுவார்கள். "ரெய்!" குனிந்து வணங்குவார்கள். அப்புறம்தான் உட்காரலாம்.

அதற்குப் பிறகு 50 நிமிடம். அப்படி ஒரு நாளைக்கு ஆறு பீரியடு. அன்றாட வழக்குக்கென்று அரசு வகுத்த சித்திர எழுத்துக்களே 2,136. அத்தனையும் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவே, பத்து எழுத்து தெரிந்த பிள்ளை என்ன செய்யும்? எல்லோரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரிக்கும். கூடவே தலையாட்டும். பழைய இலக்கிய வகுப்பு வந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே கண்ணைக் கட்டும். வந்தவள் பாடு கேட்கவா வேண்டும்? கணக்கு பீரியடில்தான் உயிர் வருகிறது. எண்ணும் குறியும் எந்த ஊரிலும் ஒன்றுதானே!

கையில் துடைப்பம்

பாடம் முடிந்ததும் நாற்காலிகளைத் தூக்கி ஓரம் வைப்பார்கள். ஒருத்தி பெருக்குவாள். ஒருவன் ஈரத்துணியால் தரையைத் துடைப்பான். டாக்டர் மகனும் டிரைவர் மகனும் ஒரே வாளியில்தான் துணி பிழிய வேண்டும். (நம்ம ஊரில் பிள்ளை கையில் துடைப்பத்தைக் கொடுத்தால், மறுநாள் அப்பா பள்ளிக்கூட வாசலில் சண்டைக்கு நிற்பார். பேப்பரிலும் வந்துவிடும்!)

பாஷை தெரியாத பிள்ளைக்கு முதல் சிநேகிதம் கிடைப்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். துடைப்பம் பிடிக்க இலக்கணம் வேண்டாம். மாலையில் விளையாட்டு, பாட்டு, வாள்வித்தை என்று சங்கங்கள் வேறு. அதில் சேர்ந்தவர்களுக்குப் பேச்சு சீக்கிரம் வரும்.

"ஒரு வருஷம் போச்சே!"

சாப்பாடு தனிக் கஷ்டம். பல குழம்புகளில் மீன் சாறு கலந்திருக்கும். சைவப் பிள்ளை தங்குகிற வீட்டு அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இங்கே அப்பாமார் கேட்பது ஒரே கேள்விதான். "ஏம்மா, ஒரு வருஷம் வீணாப் போயிடாதா?" நியாயமான கேள்வி. அங்கே படித்த காலம் இங்கே வகுப்புக் கணக்கில் சேரும் என்று உறுதி கிடையாது. கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போகும்போது, போய் வந்தவள் பிளஸ்-2 பெஞ்சில் உட்கார நேரலாம். கிளம்புவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

விடைபெறும் நாளில் வகுப்பே சேர்ந்து ஒரு சதுர அட்டையில் ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுப்பது அங்கே வழக்கம். எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும் என்று, கடினமான எழுத்துக்களுக்கு மேல் உச்சரிப்பையும் பொடிப்பொடியாக எழுதித் தருகிற தோழிகள் உண்டு. முதல் மாதம் போர்டைப் பார்த்து விழித்தவள், அந்த அட்டையை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பெட்டியில் வைப்பாள்.

அதே பெட்டியின் அடியில், போகும்போது எடுத்துப் போன பிளஸ்-2 புத்தகம் பிரிக்காமல் கிடக்கும்.