பேதுருவின் தூண்டில்



நற்செய்தி நூல்களில் மீன்பிடித் தொழிலைப் பற்றிய பகுதிகளை மட்டும் தேடி வாசித்துப் பாருங்கள். எங்கும் வலையே எதிர்ப்படும். பேதுருவும் அந்திரேயாவும் அழைக்கப்பட்ட வேளையில் அவர்கள் கையில் இருந்தது வீச்சுவலை. விண்ணரசுக்கு உவமையாக ஆண்டவர் எடுத்துக்கொண்டது, நம் கரையோரங்களில் பலர் கூடி இழுக்கின்ற கரைவலையை ஒத்த பெருவலை. இராமுழுவதும் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாத வலைகளும், உயிர்த்த ஆண்டவரின் சொற்கேட்டு வலப்புறம் வீசப்பட்ட வலையும் உங்கள் நினைவுக்கு வரும். தூண்டிலோ ஒரேயொரு இடத்தில்தான் வருகின்றது. மத்தேயு நற்செய்தி 17ஆம் அதிகாரத்தின் இறுதியிலே அதனைக் காணலாம். தூண்டிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் அங்கன்றி வேறெங்கும் இல்லை.

நிகழ்ச்சி நீங்கள் அறிந்ததே. கப்பர்நாகூமில் ஆலய வரி தண்டுவோர் பேதுருவை அணுகி, உங்கள் போதகர் வரி செலுத்துவதில்லையா என்று வினவுகின்றனர். ஆளுக்கு இரண்டு திராக்மா, அதாவது யூதரின் அரைச் செக்கேல். மகன் தன் தந்தையின் வீட்டுக்கு வரி செலுத்தக் கடமைப்பட்டவன் அல்லன் என்பதை ஆண்டவர் உணர்த்துகின்றார். ஆயினும் அவர்களுக்கு இடறலாக இருத்தலாகாது என எண்ணி, கடலுக்குச் சென்று தூண்டில் போடவும், முதலில் அகப்படும் மீனின் வாயைத் திறந்து அங்குள்ள நாணயத்தை எடுத்து இருவருக்குமாகக் கொடுக்கவும் பேதுருவைப் பணிக்கின்றார். அந்த நாணயத்தின் பெறுமதி நான்கு திராக்மா; சரியாக இரண்டு பேருக்கு.

விளக்கவுரை எழுதியோர் பெரும்பாலும் இந்த நாணயத்தோடு நின்றுவிடுவர். பிள்ளைகளுக்கு நாம் சொல்வதும் மீன் வாயில் காசு கிடைத்த அதிசயத்தை மட்டுமே. கடற்கரைப் பங்கொன்றில் இப்பகுதி வாசிக்கப்படும்போது, தூண்டில் தொழில் செய்து தலை நரைத்த ஒருவர் வேறொன்றையும் நினைக்கக்கூடும். நாணயம் அற்புதமாக வந்தது. தூண்டில் அவ்வாறு வரவில்லை. அது பேதுருவுடையது. முதல் மீன் என்பது கட்டளை. வலைகாரன் ஒருமுறை தவறினால் மீண்டும் வீசலாம். தூண்டில்காரனுக்கு இருப்பது ஒரு முனை. அந்த முனை மழுங்கியிருந்தால் முதல் மீன் தட்டிவிட்டுப் போயிருக்கும்.

அது என்ன மீன்? கலிலேயாவுக்குத் திருப்பயணம் செல்வோருக்கு அங்குள்ள உணவகங்களில் ‘புனித பேதுருவின் மீன்’ என்று பொரித்துப் பரிமாறப்படுவது திலாப்பியா இனத்தைச் சேர்ந்தது. நம் வன்னிக் குளங்களிற் பிடிபடும் திலாப்பியாவுக்கு உறவு. ஆனால் கலிலேயக் கடலின் கிழக்குக் கரையிலுள்ள எயின் கெவ் குடியிருப்பில் மீனவராக வாழ்ந்து, அக்கடலின் பழைய மீன்பிடி முறைகளை ஆராய்ந்த மெண்டல் நுன் இதனை ஏற்கவில்லை. திலாப்பியா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பது. தூண்டிலுக்கு இலகுவில் வராது. சிறு மீன்களை இரையாகக் கொள்ளும் கெண்டை வகை மீனே பேதுருவின் தூண்டிலைக் கவ்வியிருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. உணவகக்காரருக்கு இது உவப்பான செய்தியன்று. தொழில் தெரிந்தவரின் வாதம் என்பதால் எனக்கு அது பொருத்தமாகவே படுகின்றது.

அந்த நீர்நிலைகளில் தூண்டிலின் வரலாறு மிகப் பழையது. யோர்தான் ஆற்றின் மேற்பகுதியில் துரேய்ஜாத் என்னும் இடத்தில் எலும்பினாற் செய்த 19 தூண்டில்களும் தூண்டிற் துண்டுகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை 12,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. பருமனிலும் வடிவிலும் அவை ஒன்றுபோல் இல்லை. எந்த மீனுக்கு எந்தத் தூண்டில் என்பதை அக்காலத்து மனிதரும் அறிந்திருந்தனர். பேதுருவின் காலத்துக்கு வந்தால் தூண்டில் வெண்கலமாகவோ இரும்பாகவோ இருந்திருக்கும். இரண்டும் இன்றைய உருக்கைவிட மென்மையானவை. கல்லில் ஒருமுறை உரசினாலே முனை மடங்கும். ஆகவே தீட்டுகல் இல்லாத தூண்டில்காரன் அக்கரையில் இருந்திருப்பான் என்று எண்ணுவது கடினம். நோர்வேயின் ‘முஸ்தாத்’ நிறுவனம் 1877இல் இயந்திரத்தால் தூண்டில் செய்யத் தொடங்கியது. அவ்வாறு செய்யப்பட்டவை உலகமெங்கும் மலிவாகக் கிடைத்த பின்னரே, தீட்டுவதா வீசிவிடுவதா என்ற கேள்வியே பிறந்தது.

தூண்டிலின் முனை எத்துணை முக்கியமானது என்பதைக் கரையில் நிற்போர் உணர்வது அரிது. மீன் இரையைக் கவ்வியதும் மீனவர் கயிற்றைச் சுண்டுகின்றார். நைலோன் தங்கூசி இழுபடும் தன்மையுடையது. இருபது பாகம் ஆழத்தில் தூண்டில் கிடக்குமாயின், கை கொடுத்த விசையில் பெரும்பகுதி நூலின் நீட்சியிலேயே கரைந்துபோகும். எஞ்சிய சிறு விசை ஊசிமுனையளவான ஓரிடத்தில் சென்று சேர்கின்றது. முனை கூராக இருந்தால் அந்தச் சிறு விசையே போதும். முனை உட்சென்று, அதற்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளும் தசையைக் கடந்துவிடும். மழுங்கியிருந்தால் தாடை எலும்பில் வழுக்கும், அல்லது எதிர்முள் உட்செல்லாமல் அரைகுறையாகக் குத்தி நிற்கும். மீன் படகருகே வரும்போது தலையை ஒருமுறை உதறினாலே கழன்றுவிடும். கலவாயும் பாரையும் இவ்வாறு கைக்கெட்டும் தூரத்தில் தப்பிப்போவதைப் பார்த்தவர்கள் அன்றிரவு நிம்மதியாக உறங்குவதில்லை. கிழிந்த வாயோடு ஆழத்துக்குத் திரும்பிய அந்த மீன், பிடித்தவனுக்கும் இல்லை. கடலுக்கும் முழுமையாக இல்லை.

தீட்டுவது பெரிய வித்தையன்று. ஆனால் ஒழுங்கு வேண்டும். முதலிற் சோதனை: தூண்டிலின் முனையைப் பெருவிரல் நகத்தின்மீது மெல்லச் சாய்த்து இழுங்கள். நகத்தைப் பற்றிக் கீறினால் கூர் உண்டு. வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது. புதிதாக வாங்கியதையும் இவ்வாறு பார்த்துக்கொள்வது நன்று. கடையில் வாங்கியதெல்லாம் கூராயிருக்கும் என்பது வெறும் நம்பிக்கை. மழுங்கியதை மென்பல் அரத்தினாலோ தீட்டுகல்லினாலோ எதிர்முள்ளின் பக்கமிருந்து முனையை நோக்கி ஒரே திசையில் உரச வேண்டும்; முன்னும் பின்னும் தேய்த்தலாகாது. இரு பக்கவாட்டிலும் சில இழுப்பு, பின்னர் வெளிப்புறத்தில் ஓரிரண்டு. அவ்வளவே. ஆசை மிகுந்து மேலும் மேலும் தேய்த்தால் முனை நீண்டு மெலிந்து, முதல் எலும்பில் பட்டதும் மடிந்துவிடும். எதிர்முள்ளின் அடியை அரத்தினால் தின்றுவிடாதிருக்கவும் கவனம் வேண்டும்.

தீட்டிய இடத்தில் தகரப் பூச்சோ நிக்கல் பூச்சோ போய்விடும். உப்புக்காற்று அங்கேதான் முதலில் வேலை செய்யும். எனவே தொழில் முடிந்து கரைக்கு வந்ததும் தூண்டில்களை நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தோய்ந்த துணியால் ஒற்றிவைத்தல் வேண்டும். சமையலறைத் தேங்காயெண்ணெய் ஒரு துளி போதுமானது. இயந்திர எண்ணெயின் மணத்தை மீன் விரும்பாது என்று நம் மீனவர் சொல்வர். ஈரமான ஒன்றை உலர்ந்தவற்றோடு ஒரே தகரப் பெட்டியில் இட்டால் அந்த ஈரம் பெட்டி முழுவதையும் துருவாக்கிவிடும். தூண்டிற் காதையும் பார்க்க வேண்டும். அங்கே துரு ஏறிச் சொரசொரத்திருந்தால் அது முடிச்சை மெல்ல மெல்ல அறுக்கும். முனை எத்துணை கூராயிருந்தும் மீன் நூலோடு போய்விடும். பெரிய மீன் இழுத்து வளைவு விரிந்துபோன தூண்டிலைக் குறட்டினால் மீண்டும் வளைத்துப் பாவிப்போர் உளர். வளைந்து நிமிர்ந்த உருக்கு அவ்விடத்தில் வலுவிழந்திருக்கும். சுறாவும் அறக்குளாவும் ஓடும் இடத்துக்கு அதனைக் கொண்டுசெல்வது சிக்கனமன்று.

இக்காலத்தில் அமிலத்தில் தோய்த்துக் கூராக்கப்பட்ட தூண்டில்கள் சந்தையில் உண்டு. கூர் மிகுதிதான். ஆனால் மழுங்கியபின் அரத்தினால் அந்தக் கூரைத் திரும்பக் கொண்டுவருதல் எளிதன்று. கழற்றிவிட்டு வேறொன்றைக் கட்டுங்கள் என்பதே விற்போரின் அறிவுரை. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோருக்கு அது சரியாக இருக்கலாம். ஒரே நீள்கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைத் தொங்கவிட்டுத் தொழில் செய்யும் குடும்பத்துக்கு அவ்வறிவுரையால் என்ன பயன்? 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படகின் இயந்திரம் ஓடுவதற்கே கடன்பட வேண்டிய நாளில், கவ்விய மீன் ஒவ்வொன்றும் கரைக்கு வந்தாக வேண்டும். தூண்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மழுங்கியதை ஒதுக்கி, சிக்கெடுத்துக் கூடையில் சுற்றிவைக்கும் வேலை பல வீடுகளில் முற்றத்தில் நடக்கின்றது. கடலுக்குப் போக முடியாத முதியவர்களும் பெண்களும் அதனைச் செய்கின்றனர். பிடிபட்ட மீனின் கணக்கில் அவர்களுடைய பெயர் வருவதில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நற்செய்தியாளர்கள் இந்த வகையான வேலையைக் கவனித்திருக்கின்றனர். செபதேயுவின் மக்கள் அழைக்கப்பட்டபோது அவர்கள் மீன்பிடித்துக் கொண்டிருக்கவில்லை. தந்தையோடு அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தனர். லூக்கா காட்டும் மீனவரோ கரையில் இறங்கி வலைகளை அலசிக்கொண்டிருக்கின்றனர். பேதுருவோ வலைகளை விட்டுப் புறப்பட்டவர் என்று மத்தேயு எழுதியிருக்கின்றார். வலையை விட்டவரிடம் ஒரு தூண்டில் மிஞ்சியிருந்தது என்பதை நம் மக்கள் எளிதிற் புரிந்துகொள்வர். 1990இல் இடம்பெயர்ந்து 2017 ஜூலையில் தம் துறைமுகத்தை மீண்டும் கண்ட மயிலிட்டி மக்களானாலும், 2004 மார்கழி 26இல் படகும் வலையும் கடலோடு போன முல்லைத்தீவு மக்களானாலும், எல்லாம் இழந்தவன் குறைந்த முதலோடு மறுபடி தொடங்கக்கூடிய தொழில் ஒரு தங்கூசிச் சுருளும் சில தூண்டில்களுந்தான்.

பழைய ஏற்பாட்டில் இதே கருவி இரக்கமற்றதாகவே வருகின்றது. மனிதரை மீன்களைப் போலத் தூண்டிலால் இழுத்தெடுக்கும் கொடியவனை அபக்கூக்கு காட்டுகின்றார். ஆமோஸ் சமாரியாவின் செல்வச் சீமாட்டிகள் தூண்டிலால் இழுத்துச் செல்லப்படுவர் என எச்சரிக்கின்றார். ஒடுக்குகிறவனின் கையிலிருந்த அந்தக் கொக்கியைக் கொண்டே, தமக்காகவும் தம் சீடருக்காகவும் வரி செலுத்த ஆண்டவர் வழி செய்தார். மீனுக்கு அது வேதனைதான். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆயினும் கூரான முனை அவ்வேதனையைச் சுருக்கும். முனை தண்டை நோக்கி உட்புறமாகத் திரும்பியிருக்கும் வட்டத் தூண்டில் பெரும்பாலும் தாடையின் மூலையில் மாட்டுமே தவிர வயிற்றுக்குள் செல்லாது. கடலாமைகள் விழுங்கி மடிவதை அது குறைக்கின்றது என ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குச் சுண்டுதல் கூடாது. மெல்ல இழுக்க வேண்டும். கைப்பழக்கத்தை மாற்றுவது கடினம் என்பது தெரிந்ததே.

இறுதியாக, வீட்டிலுள்ளோருக்கு ஒரு வார்த்தை. கூரான தூண்டில் மீனுக்கும் விரலுக்கும் வேறுபாடு அறியாது. எதிர்முள் உள்ளே போய்விட்டால் வந்த வழியே பிடுங்கி இழுக்காதீர்கள், தசை கிழியும். கண்ணருகிலோ மூட்டிலோ ஆழமாகவோ குத்தியிருந்தால் நூலை மட்டும் அறுத்துவிட்டு, தூண்டிலை அசையாது வைத்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஏற்பு நோய் துருவினால் வருவது என்று பலர் எண்ணுகின்றனர். மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியே அதற்குக் காரணம். பளபளக்கும் புதுத் தூண்டில் குத்தினாலும் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். கழித்துவிட்ட தூண்டில்களை மணலில் எறிய வேண்டாம். வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் இடம் அது. மூடியுள்ள தடித்த போத்தல் ஒன்றைப் படகிலும் மற்றொன்றை முற்றத்திலும் வைத்து அவற்றுள் இட்டு, நிறைந்ததும் பழைய இரும்பு வாங்க வருபவரிடம் மூடியோடு கொடுத்துவிடுங்கள்.