குறுகிய வழியே சிறந்த வழியா?

கம்பி வழியாகச் செல்லும் செய்திக்கு அக்கம்பியே தனிப்பாதை. வானொலி அலைமீது செல்லும் செய்திக்கோ தனிப்பாதை இல்லை. அருகிலுள்ள நிலையங்கள் யாவும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. இரு நிலையங்கள் ஒருங்கே பேசினால் இரண்டின் செய்தியும் சிதையக்கூடும். 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் இயக்கிய ‘அலோஹா’ வலையில் நிலையங்கள் நினைத்தபோது செய்தி அனுப்பின. இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 சதவீதத்திற்குமேல் பயன்பெற இயலாது என்பது கணக்கினால் தெளிவாயிற்று.

இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை, வரையறுத்த ஆற்றலுக்குள், உரிமமின்றிப் பயன்படுத்த 2005இல் அனுமதி வழங்கப்பட்டது. பலருக்கும் பொதுவான இத்தகைய அலைவரிசையில் சிக்கனம் இன்றியமையாதது.

தொலைவிலுள்ள நிலையத்திற்குச் செய்தி இடைநிலையங்களின் வாயிலாகக் கைமாறிச் செல்லும். இடைநிலையங்கள் குறைந்த வழியே சிறந்தது எனத் தோன்றலாம். ஆயின் அவ்வழியில் ஒவ்வொரு தாவலும் நீண்டு, அலை வலிவிழக்கிறது. ஆற்றின் நீர்மட்டத்தைத் தெரிவிக்கும் கருவி ஒன்றைக் கொள்வோம். அது அலுவலகத்திற்கு நேரே அனுப்பும் செய்தி நான்கு முயற்சிகளில் ஒன்றில்தான் சேர்கிறது எனில், சராசரியாக 4 முறை அனுப்பவேண்டும். இடையே குன்றின்மேல் ஒரு நிலையம் அமைத்தால், ஒவ்வொரு தாவலிலும் ஐந்தில் நான்கு முயற்சிகள் வெற்றி பெறலாம். அப்போது தாவலுக்கு 1.25 முறை; இரு தாவலுக்கும் சேர்த்து 2.5 முறையே போதும். வெள்ளக் காலத்தில் செய்தி விரைந்து சேரும். மின்கலமும் நீடித்து உழைக்கும்.

அனுப்பவேண்டிய முறைகளின் எண்ணிக்கையைக்கொண்டு வழியைத் தேரும் இம்முறையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டக்ளஸ் டி கோட்டோவும் உடனாய்வாளர்களும் 2003இல் வெளியிட்டனர். இதில் ஒவ்வொரு நிலையமும் சராசரியாக நொடிக்கொருமுறை சிறு சோதனைச் செய்தி அனுப்பும். அண்டை நிலையங்கள் கடந்த பத்து நொடிகளில் வந்தவற்றை எண்ணும். ‘பெற்றேன்’ என்னும் மறுமொழியும் திரும்பவேண்டுமாதலால், இரு திசைகளின் வெற்றி வீதங்களும் பெருக்கப்படுகின்றன.

செய்தி சேராதபோது ஒலிபரப்பியின் ஆற்றலைக் கூட்டுவது எளிதெனினும், அது அயலாரின் பேச்சையும் கெடுக்கும். இடைநிலையத்தைத் தக்க இடத்தில் நிறுவுவதும் அலைவாங்கியை உயர்த்துவதும் களப்பணியாளர் முதலில் கருதவேண்டியவை. மாணவர்க்கு ஆசிரியர் உணர்த்தவேண்டியதும் இதுவே: பொது அலைவரிசையில் வீணாகும் ஒவ்வொரு முயற்சியும் பிறர்க்குரிய நேரத்தைக் கவர்கிறது.