பின்சக்கரத்துக்குப் புது ஸ்பிரிங்

இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் ஃபினாலே லிகுரே என்றோர் ஊர் இருக்கிறது. ஐரோப்பாவின் மலை சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் ஊர். அதன் பின்னால், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், நேட்டோ படையினர் கைவிட்டுப் போன பழைய தளம் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து கடலை நோக்கி இறங்கும் பாதைகளில் பாறையும் வேரும் மாறி மாறி வரும். சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு மேலே போவதுதான் இங்கே பழைய வழக்கம். மோட்டார் பொருத்திய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு வேன் தேவையில்லை. மிதித்தே ஏறி, பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை ஒரே நாளில் இரண்டு, மூன்று முறைகூட இறங்கிவிடுகிறார்கள்.

இத்தனை இறக்கத்தின் அடியையும் வாங்கிக்கொள்வது பின் ஷாக் அப்சார்பர். ஃபிரேமின் நடுவே, கையளவு நீளத்தில் இருக்கும் ஒரு குழாய். மோனோஷாக் பைக் வைத்திருப்பவர்களுக்கு இதன் வேலை உடனே புரியும்.

80 கிலோ எடையுள்ள ஒருவர் 23 கிலோ சைக்கிளோடு 1,000 மீட்டர் இறங்கினால், சுமார் பத்து லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். பெரும்பகுதியைப் பிரேக்கும் டயரும் எதிர்க்காற்றும் எடுத்துக்கொள்கின்றன. பள்ளம் மேடுகளில் பின்சக்கரம் குதிப்பதால் வரும் பங்கு மட்டும் ஷாக்குக்கு வருகிறது. ஷாக்கின் ஸ்பிரிங் அந்த அடியை ஒரு கணம் வாங்கி வைத்துக்கொள்ளும். அதோடு விட்டால் சக்கரம் துள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது உள்ளே இருக்கும் ஆயில். பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாகவும், அவற்றை மூடியிருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளை வளைத்துக்கொண்டும் ஆயில் நெருக்கிப் பாயும்போது அசைவு வெப்பமாக மாறுகிறது. வெளியே தெரியும் சிவப்புத் திருகு, ஷாக் திரும்பி விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். நீலம், அமுங்கும் வேகத்தை.

நீண்ட இறக்கத்தில் ஆயில் சூடாகி நீர்த்துப்போகும். அப்போது கட்டுப்பாடு தளர்ந்து, இறக்கத்தின் பாதியில் சைக்கிள் வேறு மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கும். விலை உயர்ந்த ஷாக்குகளின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி உருளை இதற்காகத்தான். அதில் கூடுதல் ஆயில் இருப்பதால் சூடு ஏற அதிக நேரம் பிடிக்கும்.

இனி ஸ்பிரிங். இதில் இரண்டு வகை: அடைத்த காற்று, இரும்புச் சுருள். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடி அழுத்திப் பார்த்தவர்களுக்குக் காற்று ஸ்பிரிங்கின் குணம் தெரியும். முதலில் இடம் கொடுக்கும், போகப் போக இறுகும். ஆளின் எடைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதும், எடை குறைவு என்பதும் அதன் பலம். ஆனால் காற்றை அடைத்து வைக்க இறுக்கமான ரப்பர் சீல்கள் வேண்டும். அவை உராய்வதால் சிறு கற்களின் மேல் ஷாக் சற்றுத் தயங்கித்தான் அசையும். சுருளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. தொட்டவுடன் அசையும், முதல் இறக்கத்திலும் மூன்றாவது இறக்கத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதன் குறை ஏறக்குறைய அரை கிலோ கூடுதல் எடை.

சாதாரண மலை சைக்கிளில் அந்த அரை கிலோ பெரிய விஷயம். ஏற்றம் முழுவதும் கால்தான் அதைச் சுமக்க வேண்டும். மோட்டார் பொருத்திய சைக்கிளில் அந்தக் கணக்கே மாறிவிடுகிறது. சுமார் 3 கிலோ மோட்டாரும் அதைவிடச் சற்றுக் கனமான பேட்டரியும் ஏற்கெனவே ஃபிரேமுக்குள் இருக்கின்றன. ஏற்றத்தில் மோட்டார் தள்ளிக் கொடுக்கிறது. இறக்கத்திலோ அந்த மோட்டாருக்கு வேலை இல்லை. ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அதன் உதவி நின்றுவிடும். அதற்குமேல் அது வெறும் பாரம், அந்தப் பாரத்தையும் ஷாக்தான் தாங்க வேண்டும். மின் மலை சைக்கிளில் காற்று ஷாக்கைக் கழற்றிவிட்டுச் சுருள் ஷாக் மாட்டும் பழக்கம் பரவியதற்கு இது நியாயமான காரணம்.

பாரம் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பின்சக்கரம் 150 மி.மீ. மேலேறும்போது ஷாக் 60 மி.மீ. அமுங்குகிறது என்றால் நெம்புகோல் விகிதம் 2.5. அதாவது, சக்கரத்தில் வரும் விசை ஷாக்கில் இரண்டரை மடங்காகும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 103 கிலோ. சக்கரங்களைக் கழித்தால் சுமார் 98. அதில் 65 விழுக்காடு பின்னால் விழுவதாகக் கொண்டால் 64 கிலோ. ஷாக்கின் மேல் அது 160 கிலோ. ஆள் ஏறியதும் ஷாக் தன் அமுங்கும் தூரத்தில் 30 விழுக்காடு, அதாவது 18 மி.மீ. அமுங்கி நிற்க வேண்டும். இதற்கு, ஓர் அங்குலம் அமுங்க சுமார் 500 பவுண்டு விசை கேட்கும் ஸ்பிரிங் தேவை. அதே ஆள் 14 கிலோ எடையுள்ள சாதாரண சைக்கிளில் ஏறினால் 450 போதும். இந்த எண் ஸ்பிரிங்கின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

எடையால் ஒரு நன்மையும் உண்டு. மோட்டாரும் பேட்டரியும் ஃபிரேமில் இருப்பதால் அவை ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடை. மேலே கனமும் கீழே லேசான சக்கரமும் இருந்தால், உடல் அசையாமல் சக்கரம் மட்டும் தரையைத் தொடர்ந்து தொட்டுச் செல்லும். மோட்டாரைப் பின்சக்கர ஹப்பிலேயே வைத்த சைக்கிள்களில் இது தலைகீழ். கனமான சக்கரத்தை அடக்க எந்த ஷாக்கும் திணறும்.

ஆனால் எல்லா ஃபிரேமிலும் சுருள் பொருந்தாது. காற்றைப் போல அது போகப் போக இறுகுவதில்லை. கடைசிவரை ஒரே விகிதத்தில் அமுங்கும். ஆகவே முடிவில் இறுக்கம் தர வேண்டிய வேலை ஃபிரேமின் இணைப்புக் கம்பிகளுக்கு வருகிறது. தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் நெம்புகோல் விகிதம் பொதுவாக 20 விழுக்காடாவது குறைந்தால்தான் சுருளுக்கு அது ஏற்ற ஃபிரேம். இல்லையென்றால் ஒவ்வொரு குதியிலும் ஷாக் அடிவரை போய் இடிக்கும். ஷாக்கைக் கவைபோன்ற நீண்ட இணைப்பால் பிடித்திருக்கும் ஃபிரேம்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கவாட்டு விசையில் சுருள் ஷாக்கின் தண்டு வளையவோ முறியவோ கூடும். ஃபிரேம் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று கேட்காமல் வாங்கவே கூடாது.

அளவிலும் கவனம் தேவை. 230×60 என்றால் துளைக்குத் துளை 230 மி.மீ., அமுங்கும் தூரம் 60 மி.மீ. அதே நீளத்தில் 65 அமுங்கும் ஷாக்கும் கிடைக்கும், மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் நம் கணக்குப்படி சக்கரம் 12.5 மி.மீ. கூடுதலாக மேலேறும். டயர் ஃபிரேமில் உரச அது போதும்.

காற்று ஷாக்கையே வைத்துக்கொள்பவர்கள் செய்ய வேண்டியது இது. தனி ஷாக் பம்பால் காற்றடித்து, இடையிடையே சைக்கிளைச் சில முறை மெதுவாக அமுக்கி விட வேண்டும். உள்ளே இருக்கும் இரு காற்றறைகளும் அப்போதுதான் சமப்படும். பிறகு ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் அணிந்து ஏறி, தண்டில் உள்ள ரப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். 60 மி.மீ. ஷாக்கில் 15 முதல் 18 மி.மீ. வந்தால் சரி. அதன் பிறகும் ஷாக் அடிவரை போய் இடித்தால், காற்றறைக்குள் பிளாஸ்டிக் துண்டுகளைப் போட்டு இடத்தைக் குறைக்கலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

நீண்ட, கரடுமுரடான இறக்கங்களும் தகுந்த ஃபிரேமும் இருப்பவருக்குச் சுருள் ஷாக் கொடுத்த காசுக்கு உழைக்கும். மற்றவர்களுக்குக் கூடுதல் ஆயில் உருளை கொண்ட காற்று ஷாக்கே ஏற்றது. புதிது வாங்கும் முன், இப்போது இருப்பதைச் சர்வீஸுக்குக் கொடுத்து, சீல் மாற்றி, காற்றழுத்தத்தைச் சரிசெய்து சில வாரம் ஓட்டிப் பாருங்கள். ராக்‌ஷாக்ஸ் என்ற ஷாக் தயாரிப்பு நிறுவனம் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை காற்றறையைப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்கிறது.